இரண்டு பேர் போட வேண்டிய கணக்கு

என் வீட்டுக்காரருக்கு எங்கள் குடும்பத்தில் ‘பூட்டு’ என்று பெயர். வைத்தது என் தங்கை கணவர். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா இல்லையா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பது? கல்யாணமான புதிதில் நானும் கூடவே திரும்பி வருவேன். பிறகு தெருமுனையிலேயே நின்றுகொள்ளப் பழகிவிட்டேன். அங்கே செருப்புத் தைக்கிறவர் எனக்காக ஒரு முக்காலியே போட்டு வைத்திருக்கிறார்.

பயம் என்றால் அப்படி ஒரு பயம். அடுப்பை அணைத்தபின் மூக்கை அருகில் கொண்டுபோய் மோந்து பார்ப்பார். லிஃப்டில் ஏறினால் உள்ளே இருக்கிறவர்களின் எடையை மனத்துக்குள் கூட்டுவார். கொஞ்சம் பருமனாக யாராவது ஏறினால் “நீங்க போங்க” என்று மரியாதையாக இறங்கிக்கொள்வார். ஒருமுறை தங்கை வீட்டுக்குப் போனபோது கேஸ் கசிகிறது என்று எல்லோரையும் தெருவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். ஆள் வரவழைத்து வீடு முழுக்கத் தேடியதில், அலமாரிக்கு அடியில் அழுகிக் கிடந்த முட்டைக்கோஸ் ஒன்றுதான் கிடைத்தது. தங்கை கணவருக்கு அது போதாதா? அன்றிலிருந்து இவர் எதற்குப் பயந்தாலும் “முட்டைக்கோஸா சகலை?” என்று ஆரம்பித்துவிடுவார்.

பார்க்கிற வேலையும் பயத்துக்கு ஏற்ற வேலைதான். கட்டடங்களுக்குக் கம்பிக் கணக்குப் போடுகிறவர். ஒரு தளம் எவ்வளவு எடை தாங்க வேண்டும், அதற்குள் எந்தத் தடிமனில் கம்பி, எத்தனை அங்குலத்துக்கு ஒன்று என்பதெல்லாம் இவர் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்தே செய்வார். முன்னறை மேசையில் ஒரு பெரிய கணினி. அளவுகளைக் கொடுத்தால் அதுவே கணக்குப் போட்டு விடை தரும். கொடுக்கிற அளவுகளை இவர் இரண்டு தடவை சரிபார்ப்பார். வருகிற விடையை அலுவலகத்தில் ஓர் இன்ஜினியர் தனியாகப் போட்டுப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். அதற்கும் மேல் இவர் பயத்துக்கென்று கொஞ்சம் கம்பி கூடுதலாகச் சேர்ப்பார். அந்த இன்ஜினியரே ஒருமுறை என்னிடம், “உங்க வீட்டுக்காரர் கணக்குப் போட்ட வீட்டுல யானையைக் கட்டலாம்மா” என்றார்.

அந்தக் கணினி பாதி நாள் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற கணினிகளை ஆராய்ச்சிக்காரர்களுக்கு இரவல் கொடுக்கலாம் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்து, ஒரு மென்பொருளை அதில் ஏற்றினார். நாம் கையை எடுத்தால் போதும், அது உட்கார்ந்துகொள்ளும். உலகத்தில் எங்கேயோ இருக்கும் ஆராய்ச்சிக்கூடம் அனுப்புகிற கணக்கில் ஒரு துண்டைப் போட்டு, விடையைத் திருப்பி அனுப்பும். இப்படி ஆயிரக்கணக்கான வீடுகளில் நடக்கிறதாம். வானத்தில் திரிகிற பாறைகள் ஒவ்வொன்றும் என்ன வடிவம், எப்படிச் சுழல்கிறது என்பதுதான் கணக்கு. நான் அந்த மென்பொருளுக்குக் குடித்தனக்காரர் என்று பெயர் வைத்தேன். வாடகை தர மாட்டார், மின்சாரம் மட்டும் நம்முடையது. விசிறி இரையும், முன்னறை அனலாகிவிடும். துவைத்த கைக்குட்டையைக் கணினிக்குப் பின்னால் போட்டால் சுருக்கக் காய்ந்துவிடும் என்பது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த லாபம்.

“குழாய் ஒழுகுறதைப் பார்க்க ஆளில்ல. வானத்துல கல்லு சுத்துறது உங்களுக்கு எதுக்குங்க?” என்று கேட்டேன்.

“எந்தக் கல்லு எப்படிச் சுத்துதுன்னு தெரிஞ்சாத்தானே எது நம்ம பக்கம் வரும்னு தெரியும்” என்றார். அவருக்கு இந்தப் பயமும் சேர்ந்துகொண்டது என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆனால் அவர் மயங்கியது கல்லைப் பார்த்து அல்ல. ஒருநாள் ஆசையாகக் கூப்பிட்டுக் காட்டினார். “இங்க பாரு. ஒரே கணக்கை ரெண்டு வீட்டுக்கு அனுப்புவாங்க. ரெண்டு விடையும் ஒத்துப்போனாத்தான் எடுத்துப்பாங்க. இல்லன்னா மூணாவது வீட்டுக்குப் போகும். யாரையும் தனியா நம்ப மாட்டாங்க.” தன் சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்தவர் மாதிரி முகம் மலர்ந்திருந்தது. அடிக்கடி இவர் கணக்குக்கு ஜோடியாக வருகிற இன்னொரு வீட்டுக்காரர் ‘நீலக்குடை’ என்று புனைபெயர் வைத்திருந்தார். ஆணா பெண்ணா, எந்த நாடு, ஒன்றும் தெரியாது. “நீலக்குடையும் நானும் இன்னைக்கும் ஒத்துப்போயிட்டோம்” என்று சாப்பிடும்போது சொல்வார். என்னோடு ஒத்துப்போன நாள்களைக்கூட அவர் இப்படிச் சொல்லிக்கொண்டதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் தங்கை வீட்டில் மாடி கட்டினார்கள். தங்கை கணவருக்குத் தெருவைப் பார்த்து ஒரு பால்கனி வேண்டும். ஐந்தடி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், கீழே தூண் கூடாது, வண்டி நிறுத்த இடைஞ்சல். வீட்டு மனிதர் இருக்கும்போது வெளியே எதற்குப் போக வேண்டும் என்று இவரிடமே கணக்கைக் கொடுத்தார். குடும்ப வேலை என்பதால் அலுவலக இன்ஜினியர் கண்ணில் அது படவே இல்லை.

கொடுக்கும்போதே தங்கை கணவர் சொன்னார். “சகலை, உங்க பயத்தையெல்லாம் என் வீட்டுல கொட்டாதீங்க. நான் கேக்குறது பால்கனி. பீரங்கி மேடை கட்டிக் குடுத்துடாதீங்க.” எல்லோரும் சிரித்தோம். நான்தான் உரக்கச் சிரித்தேன். அவரும் சிரித்தார். இந்த ஒரு தடவை கணினி சொன்ன விடையை அப்படியே, கூட ஒரு கம்பிகூடச் சேர்க்காமல் எழுதிக் கொடுத்தார். எட்டு அங்குலத்துக்கு ஒரு கம்பி. “பரவாயில்லையே, பூட்டு திறந்துடுச்சே” என்றார் தங்கை கணவர்.

கான்கிரீட் போட்டாயிற்று; அன்று நாங்கள் கீழே நிற்க, இவர் மேலே ஏறி ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கினார். அது இறுகும்வரை கீழிருந்து தாங்கப் பலகையும் முட்டும் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். நாள் கணக்கு முடிந்து, ஒரு விடுமுறை நாள் காலையில் முட்டுகளைப் பிரிப்பதாக ஏற்பாடு.

அன்று காலை நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். முன்னறையில் சத்தமே இல்லை. குடித்தனக்காரரின் விசிறிகூட நின்றிருந்தது. எட்டிப் பார்த்தால், இவர் கணினிக்கு முன்னால் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார். திரை முழுவதும் சிவப்பாகக் கோடு கோடாக ஏதோ இறங்கிக்கொண்டிருந்தது.

“என்னங்க?”

“கொஞ்ச நாளா நீலக்குடையோட ஒத்துப்போகல. அந்தப் பக்கம்தான் கோளாறுன்னு நெனச்சேன். இன்னைக்கு உள்ள போய்ப் பார்த்தேன். மூணாவது வீட்டுக்கு அனுப்பினதெல்லாம் நீலக்குடையோடதான் ஒத்துப்போயிருக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல. அன்னைக்கு இடி விழுந்து கரண்டு எகிறிச்சே, அதுலேருந்து நம்ம விடைதான் தப்பு.”

“கல்லுக் கணக்குதானே. போனாப் போகுது.”

“மெமரியைச் சோதிச்சுப் பார்த்தேன்.” அந்தச் சிவப்பைக் காட்டினார். “இதெல்லாம் தப்பு. மெஷினே பழுது. நின்னுபோச்சுன்னா தெரிஞ்சிருக்கும். நிக்காம, நல்லா இருக்குற மாதிரியே ஓடி, எப்பவாவது ஒரு எண்ணை மாத்தி மாத்திச் சொல்லியிருக்கு.”

எனக்கு அப்போதும் ஏறவில்லை. அவர் நாற்காலியை விட்டு எழுந்து சட்டையை மாட்டினார். பொத்தானுக்குத் துளை அகப்படவில்லை. அதைப் பார்த்துத்தான் கேட்டேன். “பால்கனிக் கணக்கு இடி விழுறதுக்கு முன்னாடியா, அப்புறமா?”

“அப்புறம்” என்றார்.

தங்கைக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. தங்கை கணவர் எடுத்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். “மேஸ்திரி ஆளுங்க டீ குடிச்சிட்டிருக்காங்க அக்கா. குடிச்சதும் பிரிக்க வேண்டியதுதான். என்ன, மறுபடியும் முட்டைக்கோஸா?”

“மாப்பிள்ளை, விளையாட்டு இல்ல. நாங்க வர்ற வரைக்கும் கை வைக்காதீங்க.”

“அவங்களுக்கு வேற இடத்துல வேலை இருக்கு. நீங்க மெதுவா வாங்க, புதுப் பால்கனியில உக்காந்து டீ குடிக்கலாம்” என்று வைத்துவிட்டார்.

வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். இவர் கிளப்பினார். தெருமுனையைத் தாண்டினோம். செருப்புத் தைக்கிறவர் முக்காலியைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வண்டி நிற்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இவர் வீட்டைப் பூட்டவே இல்லை. கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது, வெங்காயம் நறுக்கியபடி கிடக்கிறது, இந்த மனிதர் திரும்பிப் பார்க்காமல் ஓட்டுகிறார். அதுவரை அவருடைய பயத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் அது எனக்குள் இறங்கியது. அவர் முதுகுச் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, வெளி ஓரத்து முட்டு ஒன்றைத் தட்டி எடுத்துச் சாய்த்து வைத்திருந்தார்கள். மேஸ்திரி அடுத்ததற்குச் சுத்தியலை ஓங்கிக்கொண்டிருந்தார். தங்கை கணவர் பால்கனிக்கு நேர் கீழே, ஒரு முட்டில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். எல்லாவற்றுக்கும் மேல், பால்கனியின் மேலேயே என் தங்கை நின்றுகொண்டிருந்தாள். துவைத்த போர்வையை உதறி விரித்துக்கொண்டே, “வா அக்கா, மேல வந்து பாரேன், காத்து அள்ளுது” என்றாள்.

இவர்தான் தலையை அண்ணாந்து பேசினார். குழந்தையைத் தூங்கவைக்கிற குரல். “போர்வை அங்கயே இருக்கட்டும்மா. நீ உள்ள போ. ஓடாத. மெல்ல நடந்து போ.”

“என்ன அத்தான்?”

“சொல்றேன். முதல்ல உள்ள போ.”

அவள் உள்ளே போனாள். அவள் பாதம் வாசற்படியைத் தாண்டும்வரை நான் மூச்சு விடவில்லை.

பிறகு இவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு, முட்டுகளுக்கு நடுவே போய், அந்தக் கான்கிரீட்டுக்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டார். லிஃப்டில் ஏறப் பயப்படுகிற ஆள். “மேஸ்திரி, எடுத்த முட்டைத் திரும்ப வைங்க. நான் எந்திரிக்கிற வரைக்கும் எதையும் பிரிக்க முடியாது.”

தங்கை கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ன சகலை இது, ஆளுங்க முன்னாடி? கம்ப்யூட்டர் போட்ட கணக்குன்னு நீங்கதானே குடுத்தீங்க?”

“அந்தக் கம்ப்யூட்டர்தான் பழுது.”

“இது தப்புன்னு தெரியுமா, இல்ல தப்பா இருக்கலாம்னு பயமா?”

“பயம்தான். அதான் இப்பப் போட்டுப் பார்க்கப் போறேன். கையால. நீளம், கனம், கைப்பிடிச் சுவரோட உயரம், மூணையும் அளந்து குடுங்க.”

என்னவோ முணுமுணுத்துக்கொண்டே தங்கை கணவர் டேப்பை எடுத்து அளந்தார். இவர் காலி சிமெண்ட் பை ஒன்றைக் கிழித்து இரண்டாக்கினார். ஒன்றை என்னிடம் நீட்டினார். அதில் அளவுகளையும், எதை எதால் பெருக்க வேண்டும், எதால் வகுக்க வேண்டும் என்பதையும் வரிசையாக எழுதியிருந்தார். விடை எங்கும் இல்லை.

“நானா?” என்றேன். நான் ஒரு தையற்கூடத்தில் துணி வெட்டுகிற மேசைக்கு மேற்பார்வை. இத்தனை சட்டைக்கு இத்தனை மீட்டர் என்று பகல் முழுவதும் பெருக்கி வகுக்கிறவள்தான். ஆனால் அங்கே தப்பினால் துணி வீணாகும், அவ்வளவுதான்.

“என் கணக்கை நான் தனியா நம்ப மாட்டேன். ரெண்டு பேர் போடணும். நீ அப்படி வெளிய போய், எனக்கு முதுகு காட்டி உக்காரு. நான் போடுறதைப் பார்க்கக் கூடாது, நான் சொல்றதைக் கேக்கக் கூடாது.”

“நீங்களும் வெளிய வாங்களேன்.”

“நான் வெளிய வந்தா இவங்க உள்ள போவாங்க” என்றார்.

தெரு ஓரம் அடுக்கியிருந்த செங்கல்மேல் உட்கார்ந்தேன். போனில் பெருக்கினேன். கட்டைவிரல் வியர்த்து எண்கள் மாறி மாறி விழுந்தன. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். தளத்தின் எடை, அதன்மேல் நிற்கப்போகிறவர்களின் எடை, ஓரத்துச் சுவரின் எடை. ‘நிற்பவர்கள்’ என்று அவர் எழுதியிருந்த இடத்தில் போர்வையோடு என் தங்கைதான் தெரிந்தாள். எட்டு வந்துவிடக் கூடாதா என்று மனம் அடித்துக்கொண்டது. எட்டு வந்தால் எல்லோரும் சிரித்துவிட்டு டீ குடிக்கலாம், இவர் ஆயுசுக்கும் இன்னொரு முட்டைக்கோஸைச் சுமந்துகொண்டு திரியலாம், எனக்கு அது போதும். கடைசி வகுத்தலுக்கு முன்னால் ஒரு நிமிடம் பொத்தானை அழுத்தாமல் இருந்தேன். முதுகுக்குப் பின்னால் இவர் பென்சில் கீறுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் நின்றது. நான் அழுத்தினேன்.

தங்கை கணவர்தான் என் காகிதத்தையும் அவர் காகிதத்தையும் வாங்கி, கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என்னுடையது நாலு அங்குலம், அதில் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், குறைவு. அவருடையதும் அதேதான். நாலு அங்குலத்துக்கு ஒரு கம்பி இருக்க வேண்டிய இடத்தில் எட்டு அங்குலத்துக்கு ஒன்று போட்டிருக்கிறது. இருக்க வேண்டியதில் பாதி.

“இப்பவே விழுந்திருக்குமா?” என்று தங்கை கணவர் கேட்டார். குரல் தாழ்ந்திருந்தது.

“தெரியாது. இப்ப விழலாம். பிரிச்சப்புறம் நல்லா நின்னுட்டு, ஒருநாள் வீட்டுக்கு வந்தவங்க நாலு பேர் ஓரமா நின்னு தெருவைப் பார்க்கும்போது விழலாம்.”

தங்கை கணவர் முட்டின்மேல் ஊன்றியிருந்த கையைச் சூடான பாத்திரத்திலிருந்து எடுப்பதுபோல் எடுத்தார். பின்பக்கமாகவே நடந்து தெருவுக்கு வந்துவிட்டார். மேஸ்திரியின் ஆட்களும் வந்துவிட்டார்கள். இவர் மட்டும் உள்ளேயே இருந்தார். எழுந்து நின்று, எந்த எந்த இடத்தில் கூடுதலாக முட்டு வேண்டும் என்று சுண்ணாம்புக் கட்டியால் தரையில் குறி போட்டார். கடைசிக் குறியைப் போட்டுவிட்டு வெளியே வந்தவர், செங்கல்மேல் என் பக்கத்தில் உட்கார்ந்து, குடித்த தண்ணீரை வாந்தியெடுத்தார்.

நாங்கள் திரும்பிப் போனபோது வீடு திறந்தபடியே இருந்தது. செருப்புத் தைக்கிறவர் முக்காலியை எங்கள் வாசலில் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். மறுநாளே இவர் அலுவலகத்தில் விஷயத்தைச் சொல்லி, இடி விழுந்த நாளுக்குப் பிறகு போட்ட கணக்கையெல்லாம் இன்ஜினியரோடு உட்கார்ந்து மறுபடி போட்டார். அவை சரியாகத்தான் இருந்தன. அதற்கு முந்தியதெல்லாம் நீலக்குடையோடு ஒத்துப்போன காலத்துக் கணக்கு, பயமில்லை. அந்தக் குடித்தனக்காரர் இல்லையென்றால் எந்த நாளிலிருந்து சந்தேகப்படுவது என்றே தெரிந்திருக்காது. கணினிக்குப் புது மெமரி போட்டதும், நானே குடித்தனக்காரரை மறுபடி ஓடவிட்டேன்.

பால்கனியை உடைத்தெடுத்த அன்று எங்களையும் கூப்பிட்டார்கள். மாடி அறைக்குள் நின்று பார்த்தோம். கான்கிரீட்டை ஆட்கள் கொத்திக் கொத்தி உதிர்க்க, உள்ளே இருந்த கம்பிகள் வெளியே வந்தன. நான் குனிந்து இரண்டு கம்பிக்கு நடுவே கையை வைத்துப் பார்த்தேன். விரல்களை முழுதாக விரித்து ஒரு சாண் வைத்தால் இந்தக் கம்பியிலிருந்து அந்தக் கம்பி. இதன்மேல் நின்றுதான் என் தங்கை போர்வையை உதறினாள்.

“பாழாப் போன மெஷின்” என்றேன்.

இவர் பக்கத்தில் வந்து குனிந்தார். “மெஷின் மட்டும் இல்ல” என்றார். “கான்கிரீட் போட்ட அன்னைக்கு நான் மேல ஏறிப் பார்த்தேன்ல. கம்பி தள்ளித் தள்ளிக் கிடந்துச்சு. இதுக்கு நாலு அங்குலத்துக்கு ஒண்ணாவது வேணுமேன்னு அப்பவே தோணுச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருக்கலாம்.”

“அப்ப ஏங்க சொல்லல?”

அவர் கம்பிமேல் ஒட்டியிருந்த தூளை விரலால் தட்டிவிட்டார். “கீழ நீங்கல்லாம் நின்னுட்டிருந்தீங்க. சிரிப்பீங்களேன்னுதான்.”

அன்று கீழே நின்ற வீட்டு மனிதர்கள் மூன்றே பேர். என் தங்கை, அவள் கணவர், நான்.